வாவிக்கரை வாக்குகள் (தொடர் – 17): சல்மான் கான் வந்த தேர்தல்

2014 டிசம்பரின் கடைசி வாரத்தில் மட்டக்களப்பு மாவட்டம் வெள்ளத்துக்குள் கிடந்தது. மாரிமழை விடாமல் பெய்து வாவி கரையேறியிருந்தது. படுவான்கரைப் பக்கம் வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியாத நிலை. பெரும்போக வேளாண்மை தண்ணீருக்குள். பாடசாலைகள் இடைத்தங்கல் முகாம்களாகியிருந்தன. ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு வாரமே மிச்சம். அந்த வாரத்தில்தான் ஹிந்தி நடிகர் சல்மான் கான் கொழும்பில் வந்திறங்கி, மஹிந்த ராஜபக்ஷவுக்கு ஆதரவான பரப்புரை நிகழ்ச்சியில் தோன்றினார். கூடவே ஜாக்குலின் பெர்னாண்டஸ். 2006இல் இலங்கையின் பிரபஞ்ச அழகிப் போட்டியாளராகத் தெரிவாகி, பின்பு மும்பைத் திரையுலகுக்குப் போனவர். அந்த ஆண்டுதான் இருவரும் சேர்ந்து நடித்த ‘கிக்’ படம் வெளிவந்து பெரும் வசூல் கண்டிருந்தது.

2005 ஜனாதிபதித் தேர்தல் புறக்கணிப்பைக் கடந்த பகுதிகளில் பார்த்தோம். அந்தத் தேர்தலில் மட்டக்களப்பில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை, வாக்களிப்பு 48.5 விழுக்காடு. 2010இல் போரை நடத்திய இராணுவத் தளபதியே எதிர்க்கட்சி வேட்பாளரானபோது, மாவட்டத்தின் 68.93 விழுக்காட்டு வாக்குகள் சரத் பொன்சேகாவுக்குப் போயின. மஹிந்தவுக்குக் கிடைத்தது 26.27 விழுக்காடு. அதை வைத்துக்கொண்டுதான் 2015க்குள் நுழைய வேண்டும்.

சல்மான் கானின் வருகை திடீரென்று நடந்த காரியம் அல்ல. 2010 ஜூனில் கொழும்பில் சர்வதேச இந்தியத் திரைப்பட விருது விழா நடந்தது. போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. தென்னிந்தியத் திரையுலகம் அந்த விழாவைப் புறக்கணித்தது. அமிதாப் பச்சன் உட்படப் பெரிய பெயர்கள் பல வரவில்லை. வந்தவர்களில் சல்மான் கான் ஒருவர். அடுத்து அவர் நடித்த ‘ரெடி’ படத்தின் படப்பிடிப்பும் இங்கே நடந்தது. அந்தப் படத்தின் நாயகி அசின், அப்போதைய ஜனாதிபதியின் மனைவியோடு யாழ்ப்பாணம் போய் வைத்தியசாலையில் நோயாளரைப் பார்த்தது தமிழ்நாட்டில் பெரும் சர்ச்சையாயிற்று. திரை வெளிச்சத்தைக் கொண்டு போரின் நினைவை மறைத்துவிடலாம் என்று அன்றைய ஆட்சியாளர் நம்பினார்கள் என்பதே என் கணிப்பு. 2014 டிசம்பரில் நடந்தது அந்த நம்பிக்கையின் தொடர்ச்சி.

செய்தி வந்ததும் தமிழ்நாட்டு அமைப்புகள் கண்டித்தன. மும்பையில் சல்மானின் வீட்டுக்கு முன்பாகத் தமிழர் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். இந்தியப் பத்திரிகைகளுக்கு அது இரண்டு மூன்று நாள் செய்தி. மட்டக்களப்பில் யாரும் கொடி பிடிக்கவில்லை, உருவப் பொம்மை எரிக்கவில்லை. இங்கே எதிர்வினை வேறு வழியாக வந்தது. அது ஜனவரி 8ஆம் திகதி வாக்குச்சாவடிக்குள் வந்தது.

அந்த எதிர்வினையை விளங்கிக்கொள்ள, அதே நாட்களில் நடந்த இன்னும் இரண்டு அறிவிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டிசம்பர் 28இல் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் ரவூப் ஹக்கீம் நீதி அமைச்சர் பதவியைத் துறந்து, பொது வேட்பாளர் மைத்திரிபால சிறிசேனவை ஆதரிப்பதாகச் சொன்னார். டிசம்பர் 30இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சார்பில் இரா. சம்பந்தன் அதே முடிவை அறிவித்தார். இந்த இரு தலைவர்களும் மக்களைத் திருப்பினார்கள் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மக்கள் ஏற்கெனவே திரும்பியிருந்தார்கள். தலைவர்கள் கடைசியாக வந்து சேர்ந்தார்கள். 2014 ஜூனில் அளுத்கமவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோதே காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் முடிவு எழுதப்பட்டுவிட்டது. அரசாங்கத்துக்குள் இருந்துகொண்டு அதன் பிறகும் ஆறு மாதம் யோசித்தவர்கள் தலைவர்கள்தான். தமிழ்க் கிராமங்களில் காணாமல் போனவர்களின் தாய்மாரும், மேய்ச்சல் தரையும் காணியும் கைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களும் யாருடைய அறிக்கைக்காகவும் காத்திருக்கவில்லை.

மாவட்டத்துக்குள்ளேயே மஹிந்தவுக்கு ஆள்பலம் குறைவாக இருந்ததா என்றால், இல்லை. கிரானைச் சேர்ந்த கருணா அம்மான், அதாவது விநாயகமூர்த்தி முரளிதரன், அப்போது பிரதி அமைச்சர். கிழக்கின் முதலாவது முதலமைச்சராக இருந்த பிள்ளையான் ஜனாதிபதியின் ஆலோசகர். காத்தான்குடியின் எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லாஹ்வும் பிரதி அமைச்சர். மூவரும் மஹிந்தவின் பக்கம். 2013இல் கல்லடியில் ஜப்பானிய உதவியோடு கட்டிய புதிய பாலத்தை மஹிந்தவே வந்து திறந்து வைத்திருந்தார். வீதிகள் காபெட் ஆகியிருந்தன. அவற்றை மக்கள் மறக்கவில்லை; பாலத்தில் நாளும் போய்வருகிறவர்கள் எப்படி மறப்பார்கள்? ஆனால் பாலத்துக்கு நன்றி வேறு, வாக்கு வேறு என்று அவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள்.

முடிவு இதுதான். மைத்திரிபால சிறிசேனவுக்கு மாவட்டத்தில் 209,422 வாக்குகள், 81.62 விழுக்காடு. மஹிந்தவுக்கு 41,631 வாக்குகள், 16.22 விழுக்காடு. ஐந்து ஆண்டுக்கு முன் கிடைத்ததிலிருந்து பத்து விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தன. நாடு முழுவதும் மைத்திரி வென்ற வித்தியாசம் 449,072 வாக்குகள். வடக்கும் கிழக்கும் இல்லாமல் அந்த வெற்றி இல்லை. வெள்ளம் வடிந்து சேறு காயாத வீடுகளிலிருந்து வந்து வரிசையில் நின்றவர்களின் வாக்கும் அதற்குள் இருக்கிறது.

சல்மான் வராவிட்டாலும் இந்த முடிவுதான் வந்திருக்கும் என்று சொல்லலாம். உண்மை. அவர் வந்து கெடுத்தார் என்று நான் வாதிடவில்லை. என் கேள்வி வேறு. நட்சத்திரத்தைக் கூட்டிவந்தவர்கள் வாக்காளனைப் பற்றி என்ன நினைத்திருந்தார்கள்? நாட்டின் ஒரு மூலை தண்ணீருக்குள் இருக்கும்போது, இங்கே வாக்குரிமையே இல்லாத, இங்கே யாருக்கும் பொறுப்புச் சொல்லத் தேவையில்லாத ஒருவரை அழைத்து வந்து நிறுத்தினார்கள். அவர் மறுநாள் விமானம் ஏறிவிடுவார். அவமதிப்பு அந்தக் கணக்கில் இருந்தது. படம் பார்க்கிறவன் சொன்னதைக் கேட்பான் என்ற கணக்கு அது.

மட்டக்களப்பாருக்குச் சினிமா பிடிக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எம்.ஜி.ஆர் படத்துக்கும் சிவாஜி படத்துக்கும் படுவான்கரையிலிருந்து தோணியேறித் துறை கடந்து நகரத் தியேட்டர்களுக்கு வந்த தலைமுறை இது. இந்த மண்ணுக்கென்று வடமோடி, தென்மோடிக் கூத்துகள் உண்டு. விடியவிடியக் களரியில் ராசாவாக ஆடியவருக்கு ஊரில் உள்ள மதிப்பு தனி. ஆனால் களரியில் ராசா ஆடியவர் விடிந்ததும் வயலில் இறங்கி எல்லோரோடும் நிற்பார். கலைஞனைக் கொண்டாடுவதற்கும் அவன் சொல்லுக்கு ஊரை எழுதிக்கொடுப்பதற்கும் உள்ள தூரத்தை இந்த மக்கள் பிறப்பிலேயே அறிவார்கள்.

சொல்லின் வலிமையை அவர்கள் அறியாதவர்களும் அல்ல. ‘சொல்லின் செல்வர்’ என்று பெயரெடுத்த செல்லையா இராசதுரை 1956 முதல் முப்பது ஆண்டுக்கும் மேல் மட்டக்களப்பைப் பாராளுமன்றத்தில் பிரதிநிதித்துவப்படுத்தினார். 1977 பொதுத் தேர்தலில் அவரை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்றவர் காசி ஆனந்தன். தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் இராசதுரை. ஒரே அணிக்குள் நடந்த இந்தப் போட்டியின் கதையை இத்தொடரில் முன்பே சொன்னோம். காசி ஆனந்தனின் பாடல்களை அன்று பாடாத இளைஞர் இல்லை. ஆனால் தெரிவானவர்கள் இராசதுரையும், இரட்டை அங்கத்தவர் தொகுதியின் மற்ற இடத்தில் பரீத் மீராலெப்பையும். உணர்ச்சிக் கவிஞரின் பாட்டை வாயில் வைத்துக்கொண்டே மக்கள் வேறு பெட்டியில் வாக்கைப் போட்டார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து இராசதுரை ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போனார், அமைச்சரானார். கல்குடாவில் கே.டபிள்யூ. தேவநாயகம் ஏற்கெனவே அந்தக் கட்சியின் அமைச்சர். அதன் விளைவை 1982 ஒக்டோபர் 20இல் நடந்த நாட்டின் முதலாவது ஜனாதிபதித் தேர்தலில் பார்க்கலாம். மட்டக்களப்பில் ஜே.ஆர். ஜயவர்தனவுக்கு 40 விழுக்காடு, குமார் பொன்னம்பலத்துக்கு 39 விழுக்காடு என்ற அளவில் மயிரிழைப் போட்டி. சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ 18 விழுக்காட்டோடு மூன்றாமிடம். யாழ்ப்பாணத்தில் ஜயவர்தன மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்ட அதே தேர்தல் இது. உள்ளூரில் வேர் உள்ளவர் சொன்னால் ஒரு பகுதி வாக்கு நகரும் என்பதற்கு 1982 சான்று.

அந்தத் தேர்தலில்தான் இலங்கை ஜனாதிபதித் தேர்தல் வரலாற்றின் முதல் பெரிய நட்சத்திரப் பரப்புரையும் நடந்தது. சிங்களத் திரையின் முடிசூடா நாயகன் விஜய குமாரதுங்க, கொப்பேகடுவவுக்காக ஊர் ஊராகப் போனார். கட்சித் தலைவி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டிருந்த காலம். சுதந்திரக் கட்சிக்குள் பிளவு. கூட்டத்தைக் கூட்டியவர் விஜயதான். கொப்பேகடுவ தோற்றார். தேர்தல் முடிந்த கையோடு, நக்சலைட் சதி என்ற குற்றச்சாட்டில் விஜய கைது செய்யப்பட்டுச் சிறையிலடைக்கப்பட்டார். அந்தச் சதிக்கு ஆதாரம் எதுவும் கடைசிவரை வெளிப்படவில்லை.

சல்மானையும் விஜயவையும் ஒரே வரிசையில் வைக்க என்னால் முடியாது. ‘நங்கூரம்’ என்ற தமிழ்ப் படத்திலும் நடித்த விஜய, 1986இல் யாழ்ப்பாணம் போய் விடுதலைப் புலிகளைச் சந்தித்தார். போர்க் கைதிகள் பரிமாற்றத்துக்கு அந்தப் பயணம் வழி திறந்தது. தென்னிலங்கையில் அதைச் சொல்லவே பலர் பயந்த நாளில் அவர் செய்தார். இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை ஆதரித்தார். 1988 பெப்ரவரி 16இல் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். தான் ஆதரித்த கருத்துக்கு விலை கொடுத்த நடிகன் அவர். இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அவர் பெயரை மரியாதையோடு சொல்வதற்குக் காரணம் அவர் படங்கள் அல்ல.

அந்த மரியாதையின் ஒரு பங்கு அவர் மனைவிக்குக் கிடைத்தது என்று நான் நம்புகிறேன். 1994 நவம்பரில் சமாதானத்தைச் சொல்லி வந்த சந்திரிகா குமாரதுங்கவுக்கு மட்டக்களப்பு 87 விழுக்காட்டுக்கு மேல் அள்ளிக் கொடுத்தது. சமாதானம் வரவில்லை, போர் வந்தது. 1999 டிசம்பரில் அதே மாவட்டத்தில் ரணில் விக்கிரமசிங்கவுக்கு 61 விழுக்காடு, சந்திரிகாவுக்கு 35க்கும் குறைவு. பெயருக்காகக் கொடுத்த நம்பிக்கையைச் செயலைப் பார்த்து ஐந்தே ஆண்டில் திருப்பி எடுத்தார்கள்.

இனி 2019. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த முறை மேடையேறியவர் அந்நியர் அல்ல. டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்த ஒரே மனிதர், கண்டியில் பிறந்த மலையகத் தமிழர் முத்தையா முரளிதரன், கோட்டாபய ராஜபக்ஷவை வெளிப்படையாக ஆதரித்தார். போர் முடிந்த 2009ஐத் தன் வாழ்வின் மகிழ்ச்சியான ஆண்டாகக் குறிப்பிட்டு, அதன் பிறகுதான் பயமில்லாமல் வாழ முடிந்தது என்ற கருத்தில் பேசினார். தமிழ்ச் சமூகம் கொதித்தது. கோபம் ஆறவில்லை. 2020 ஒக்டோபரில் அவர் வாழ்க்கையைச் சொல்லும் படத்தில் விஜய் சேதுபதி நடிப்பதாக அறிவிப்பு வந்ததும் அது தமிழ்நாட்டில் வெடித்தது. முரளிதரன் விளக்க அறிக்கை வெளியிட்டார்: 1977 கலவரத்தில் தன் தந்தை தாக்கப்பட்டதையும் குடும்பம் பட்ட பாட்டையும் சொல்லி, இரு தரப்பிலும் சாவு நின்றதைத்தான் மகிழ்ச்சி என்றேன், மக்கள் கொல்லப்பட்டதை அல்ல என்றார். கடைசியில் விஜய் சேதுபதி விலகினார். படம் வேறு நடிகரோடு 2023இல் வந்தது.

முரளிதரனுக்கு அந்தக் கருத்தைச் சொல்ல உரிமை உண்டு. மலையகத் தமிழரின் துயரம் தனி வரலாறு. அவர்கள் 1977இலும் 1983இலும் அடிபட்டபோது ஆயுதம் ஏந்திய எவரும் அவர்களைக் காப்பாற்ற வரவில்லை. அதை மறந்து அவரைத் துரோகி என்று ஏசியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மட்டக்களப்பு வாக்காளனின் காதில் அந்தப் பேச்சு எப்படி விழுந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இங்கே போர் 2009இல் முடியவில்லை. 2007 ஜூலையில் குடும்பிமலையை இராணுவம் பிடித்தபோது, அரசாங்கம் கிழக்கு விடுவிக்கப்பட்டது என்று விழா எடுத்தது. அதற்கு முன் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் மூட்டையோடு நடந்தது. அதற்குப் பின்னும் ஆட்கள் இரவில் காணாமல் போனார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அலுவலகம் திறந்தார்கள். பயம் போகவில்லை, அது வேறு உடுப்பு உடுத்தது. 1990ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கே ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்: ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களைப் புலிகள் சுட்டது, செப்டம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக முகாமிலிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டது, சத்துருக்கொண்டான் படுகொலை. 2005 நத்தார் இரவில் புனித மரியாள் தேவாலயத்துக்குள் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் கொல்லப்பட்டது. 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் செத்தது. அந்தப் பிள்ளைகளின் புதைகுழி மண் ஈரமாக இருந்த ஆண்டில், பயம் பத்து வருஷத்துக்கு முன்பே போய்விட்டது என்று கேட்பது எவ்வளவு கடினம் என்பதை முரளிதரன் யோசித்திருக்கலாம்.

மற்ற முரளிதரனும், அதாவது கருணாவும், அந்தத் தேர்தலில் கோட்டாபயவின் பக்கமே நின்றார். பிள்ளையானின் கட்சியும் அப்படியே. முடிவு: சஜித் பிரேமதாசவுக்கு 238,649 வாக்குகள், 78.70 விழுக்காடு. கோட்டாபயவுக்கு 38,460, அதாவது 12.68 விழுக்காடு. 2015இல் அண்ணனுக்குக் கிடைத்ததை விடவும் குறைவு. நாடு கோட்டாபயவைத் தெரிவு செய்தது. மூன்று ஆண்டு முடிவதற்குள் அதே நாடு அவரைத் துரத்தியது.

பிரபலங்களின் ஆதரவு எங்குமே பலிக்காது என்று பொதுவிதி சொல்ல நான் வரவில்லை. 2008இல் ஓப்ரா வின்ஃப்ரேயின் ஆதரவு, கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தெரிவில் ஒபாமாவுக்கு ஏறத்தாழ 10 லட்சம் வாக்குகளைச் சேர்த்தது என்று அமெரிக்கப் பொருளியல் ஆய்வாளர் இருவர் கணித்திருக்கிறார்கள். 2024இல் டெய்லர் ஸ்விஃப்ட் கமலா ஹாரிஸை ஆதரித்தார், ஹாரிஸ் தோற்றார். சிவாஜி கணேசனே 1989இல் திருவையாற்றில் தோற்றவர்தானே. ஒவ்வொரு மண்ணுக்கும் ஒவ்வொரு கணக்கு.

வாவிக்கரையின் கணக்கை எளிதாக்கிவிடவும் முடியாது. ‘நம்மவர்’ என்பதும் இங்கே போதுமானதாக இல்லை என்பதை 2024 செப்டம்பர் காட்டியது. தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற பா. அரியநேத்திரன் இந்த மாவட்டத்துக்காரர், முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர். யாழ்ப்பாணத்தில் 116,688 வாக்குகள் பெற்ற அவருக்குச் சொந்த மாவட்டம் கொடுத்தது 36,905. அது 11.58 விழுக்காடு. சஜித்துக்கு 139,110, ரணிலுக்கு 91,132, அநுர குமார திசாநாயக்கவுக்கு 38,832. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் மாவட்டம் இது. ஓர் இனத்தின் குரலாக மட்டும் ஒலிக்கும் வேட்பாளருக்கு இங்கே எல்லை உண்டு என்பது ஒரு காரணம். கிழக்கைக் கேட்காமல் வடக்கில் முடிவெடுக்கிறார்கள் என்ற பழைய மனக்குறை இன்னொன்று. அதை யாழ்ப்பாண நண்பர்கள் இன்னும் முழுதாக விளங்கிக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் கழித்து நடந்த பாராளுமன்றத் தேர்தலில் 22 தேர்தல் மாவட்டங்களில் 21ஐ அநுரவின் தேசிய மக்கள் சக்தி வென்றது. யாழ்ப்பாணமும் வன்னியும்கூட அந்த அலையோடு போயின. போகாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. அந்தத் தேர்தலின் கதையை அடுத்த பகுதியில் விரிவாகப் பார்ப்போம்.

அதற்கு முன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும், இடையில் வந்த இடப்பெயர்வுகளிலும் இந்த மாவட்டத்தின் தேர்தல் கடதாசிகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. 1982, 1988, 1994 ஜனாதிபதித் தேர்தல்களின் துண்டுப் பிரசுரம், சுவரொட்டி, கூட்டத்தில் எடுத்த படம் எதுவும் உங்கள் பெட்டிக்குள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து எங்களுக்கு அனுப்பிவையுங்கள்.